விளையாட்டும் வைத்தியமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டு என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் தாழ்வான பொருளிலேயே வழங்கி வருகின்றோம். பொறுப்பில்லாதவனை விளையாட்டுப் பிள்ளை என்கின்றோம். மனம் நோகப் பேசிவிட்டு, விளையாட்டாகச் சொன்னேன் என்று தப்பித்துக் கொள்கின்றோம். பரீட்சைக் காலத்திலே பந்தைத் தொட்டால், "இது விளையாடுகிற நேரமோ?" என்று வீட்டிலே கேட்கிறார்கள். இத்தனைக்கும், மதுரையிலே இறைவன் நிகழ்த்திய அறுபத்து நான்கு அருட்செயல்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் திருவிளையாடல் என்பதாகும். அந்தச் சொல்லுக்குள் அவ்வளவு கனமும் இருக்கின்றதென்பதை நாம் மறந்துவிட்டோம் போலும்.

ஆகையினால், வைத்தியசாலையிலே விளையாட்டுக்கு இடமுண்டு, மருந்துக்குரிய இடமே உண்டு என்று நான் இன்று சொல்லப் புகுவது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் பயிலும் மாணவன். முறிந்த எலும்பு பொருந்திய பின்பு, அறுந்த தசைநார் ஒட்டிய பின்பு, அந்த உறுப்பை மறுபடியும் தொழில் செய்ய வைப்பது எங்கள் துறை. படித்தவற்றுள்ளும் பார்த்தவற்றுள்ளும் சிலவற்றை உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

நம் மொழியிலே காயம் என்பது புண்ணையும் குறிக்கும், உடம்பையும் குறிக்கும். ஆனால் புண் ஆறுவது வேறு, உடம்பு தேறுவது வேறு. கால் முறிந்தவனுக்குப் பிளாஸ்டர் கட்டி ஆறு கிழமை கழித்து அதை அவிழ்க்கும் அன்று, வீட்டார் எல்லாம் முடிந்துவிட்டதென்று மகிழ்கின்றனர். உண்மையிலே அன்றுதான் வேலை தொடங்குகின்றது. அசையாது கிடந்த தசை மெலிந்து போயிருக்கும். மூட்டு, துருப்பிடித்த கதவுக்கீல் போல இறுகியிருக்கும். அதை மடக்கவேண்டும், நீட்டவேண்டும். காலையிலும் மாலையிலும், இன்றும் நாளையும், சில வேளை மூன்று மாதம், சில வேளை ஒரு வருடம். நோவு இருக்கத்தான் செய்யும். ஆயினும் நோவைக் காட்டிலும் கொடியது சலிப்பு. நோவுக்கு மாத்திரை உண்டு, சலிப்புக்கு இல்லை. இன்று நூறு முறை மடக்கியவனுக்கு நாளைக்கு நூலளவு முன்னேற்றங்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மூன்றாம் நாள் ஐம்பது, நாலாம் நாள் இருபது, ஐந்தாம் நாள் "தலையிடிக்கிறது, நாளைக்குப் பார்ப்போம்" என்று ஆகிவிடுகின்றது.

இது நோயாளியின் சோம்பல் என்று யாரும் எண்ணவேண்டாம். வைத்தியசாலைக்குள்ளேயே நிலைமை எவ்வாறிருக்கின்றதென்று சிலர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு அது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏழு நிலையங்களில், பாரிசவாதத்தினாற் கை தளர்ந்தவர்களுக்குச் சிகிச்சை நடக்கும்போது ஆய்வாளர் பக்கத்திலே இருந்து ஒவ்வோர் அசைவையும் எண்ணினார்கள். ஒரு பொருளை எடுப்பது, வைப்பது போன்று காரியத்தோடு கூடிய கையசைவுகள் ஒரு வேளைக்குச் சராசரியாக 32 மாத்திரமே நடந்தன. மூளை இழந்த வழியை மீளப் பழகுவதுபற்றி விலங்குகளில் நடந்த சோதனைகளிலோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான அசைவுகள் செய்விக்கப்பட்டன. பாரிசவாதம் காயமன்று, அது மூளைக்கு இரத்தம் தடைப்படுவதால் வருவது என்பது எனக்குத் தெரியும். எனினும் திரும்பத் திரும்பச் செய்தாலன்றி உறுப்புத் தேறாது என்பது இரண்டுக்கும் பொது. முப்பதிலிருந்து முந்நூறுக்கு நோயாளியைக் கொண்டு செல்பவர் யார்? அதட்டினால் இரண்டு நாள் செய்வான். கெஞ்சினால் மூன்று நாள் செய்வான். பிறகு?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவரின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றேன்.

லூட்விக் குட்மன் என்பவர் ஜெர்மனியில், யூத குலத்தில், 1899ஆம் ஆண்டு பிறந்தவர். 1917இல், வாலிபராக ஒரு வைத்தியசாலையில் ஊழியஞ் செய்தபோது, முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். திடகாத்திரமான ஆள். அவனைப்பற்றிக் குறிப்பெழுதப் போன குட்மனிடம், "மெனக்கெடாதே, இவன் சில கிழமைகளில் இறந்துவிடுவான்" என்ற கருத்தில் மேலோர் சொல்லிவிட்டனர். சொன்னபடியே ஐந்து கிழமைகளில் அவன் இறந்தான். முள்ளந்தண்டு அறுந்தவரின் கதி அக்காலத்தில் அதுவாகவே இருந்தது. அவரைக் கொன்றது முறிவன்று. உணர்ச்சியற்ற உடம்பு படுக்கையில் அழுந்தி அழுந்திப் புண்ணாகும், சிறுநீர்ப் பாதையிலே கிருமி சேரும், அதனாலே இறப்பர்.

பின்னாளில் பேர்பெற்ற நரம்பு வைத்தியராய் விளங்கிய குட்மன், நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்து சேர்ந்தார். 1944 பெப்ரவரியில், ஸ்டோக் மண்டவில் என்னும் ஊர் வைத்தியசாலையிலே, போரில் முதுகெலும்பு முறிந்த படைவீரருக்கெனத் திறக்கப்பட்ட பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. முதலில் அவர் செய்தது மிக எளிய காரியம். இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிவிடச் செய்தார். சில வேளைகளில் இரவிலே தாமே வந்து நின்று அது நடக்கின்றதா என்று பார்ப்பாராம். படுக்கைப்புண் குறைந்தது, உயிர்கள் தங்கின.

ஆனால் உயிர் தங்கியபின் வேறொரு துன்பம் தலையெடுத்தது. இருபது, இருபத்திரண்டு வயது வாலிபர்கள், எங்கள் வயதினர், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியின்றிச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார்கள். "பிழைத்துவிட்டாய்" என்று சொன்னால், "எதற்காக?" என்று அவர்கள் முகம் கேட்கின்றது. கைகளையும் தோள்களையும் பலப்படுத்தினாலன்றி அவர்கள் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற முடியாது. தேகாப்பியாசம் செய் என்றால் செய்கிறார்கள், ஏவல் செய்பவனைப்போல.

ஒருநாள் குட்மன் ஒரு காட்சியைக் கண்டார். நோயாளிகள் சிலர் சக்கர நாற்காலிகளில் இருந்தபடியே, தடிகளால் ஒரு வட்டை அடித்து அடித்துத் துரத்திக் கொண்டிருந்தார்கள். எவரும் ஏவவில்லை, எவரும் எண்ணிக்கை சொல்லவில்லை. அவரும் தேகப்பயிற்சி ஆசிரியரும் தாங்களும் நாற்காலிகளில் ஏறி அந்த ஆட்டத்திற் கலந்துகொண்டார்கள். அது சக்கர நாற்காலிப் போலோ ஆட்டமாயிற்று. ஆனால் நாற்காலிகள் மோதி அடிபட நேர்ந்ததால் அதைக் கைவிட்டு வலைப்பந்தாட்டத்துக்கு மாற்றினார்கள். வைத்தியர் ஒருவர் விளையாட்டின் நன்மையைக் கண்டதுபோலவே அதன் அபாயத்தையும் உடனே கண்டு மாற்றினார் என்பதைக் கவனியுங்கள். இதற்கு மறுபடியும் வருவேன்.

அம்பெய்தலை அவர் தேர்ந்தெடுத்ததில்தான் வைத்தியரின் மதிநுட்பம் விளங்குகின்றது. வில்லை வளைப்பதற்குத் தோள், புயம், முதுகின் மேற்பகுதி ஆகிய தசைகள் அத்தனையும் வேண்டும். அவைதான் நாற்காலியில் வாழப் போகின்றவனுக்கு வேண்டிய தசைகள். கால்கள் உணர்ச்சியற்றவனுக்கு, நாற்காலியில் நிமிர்ந்து விழாமல் இருப்பதே ஒரு கலை. நாண் இழுத்து விடும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும், அதைத் தாங்கி நிற்கும்போது அந்தக் கலை தானே பழகும். இத்தனையும் நடப்பது வில்லாளிக்குத் தெரியாது. அவன் கண் இலக்கில் இருக்கின்றது. அறுபது அம்பு எய்தவன் அறுபது முறை தோளுக்குப் பயிற்சி கொடுத்தேன் என்று சொல்லமாட்டான், ஏழு அம்பு நடுவட்டத்தில் தைத்தன என்று சொல்லுவான். அடுத்த நாள் எட்டுத் தைக்க வேண்டும் என்று தானே எழுந்து வருவான். இன்னொரு சிறப்பும் அம்பெய்தலில் உண்டு. நாற்காலியில் இருப்பவன், நிற்பவனோடு சரிசமமாகப் போட்டியிடக்கூடிய விளையாட்டு அது.

1948 ஜூலை 29ஆம் திகதி இலண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. அதே நாளிலே ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையின் புற்றரையில், சக்கர நாற்காலியிலிருந்த முன்னாட் படையினர் 16 பேர், அவர்களுள் இருவர் பெண்கள், அம்பெய்தற் போட்டியிற் கலந்துகொண்டார்கள். 1952இல் ஒல்லாந்திலிருந்து ஒரு குழு வந்தது, போட்டி சர்வதேசப் போட்டியாயிற்று. 1960இல் உரோமாபுரியில் 23 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 400 பேர் கூடினார்கள். அதுவே இன்று முதலாவது பராலிம்பிக் போட்டியென மதிக்கப்படுகின்றது.

உரோமாபுரியிலே பிரித்தானியாவுக்கு முதற் பொற்பதக்கம் வாங்கித் தந்தவர் மார்கிரட் மோகன் என்னும் ஆசிரியை. அவர் 1959இல் ஆபிரிக்காவில், இன்று மலாவி எனப்படும் நாட்டில், வீதி விபத்திலே முதுகெலும்பு முறிந்தவர். ஸ்டோக் மண்டவிலுக்குக் கொண்டுவரப்பட்டு, சிகிச்சையின் பகுதியாகவே வில்லைக் கையில் எடுத்தவர். அடுத்த ஆண்டிலே பதக்கம்! தாம் வென்றது தெரியாமலே அவர் வாகனத்தில் ஏறி இருந்தாராம், ஆளனுப்பித் தேடிப் பிடித்து அழைத்துப் போனார்களாம். 2012இல் இலண்டனிலே பராலிம்பிக் தீபத்தை ஏற்றியவரும் அவரே. நம் நாட்டின் தினேஷ் பிரியந்த ஹேரத், 2021இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு பொற்பதக்கம் பெற்றபோது நாமெல்லாம் மகிழ்ந்தோமன்றோ? அந்த மகிழ்ச்சியின் ஊற்றுக்கண் ஒரு வைத்தியசாலைப் புற்றரையிலே இருக்கின்றது.

எல்லாரும் பதக்கம் வாங்கப் போவதில்லை. எனக்கு அந்தப் பதக்கத்தைக் காட்டிலும், அதற்கு முன் வைத்தியசாலையில் நடந்த ஆயிரக்கணக்கான நாண் இழுப்புகளே முக்கியமாகப் படுகின்றன.

அண்மைக் காலத்திலே இந்த எண்ணம் கணினியோடு சேர்ந்து புது உருவம் எடுத்திருக்கின்றது. தீப்புண் பட்டவர்களைப் பாருங்கள். தோல் ஆறும்போது சுருங்கும், சுருங்கவிட்டால் கை மடிந்தபடியே நின்றுவிடும். ஆகவே புண்ணோடு கையை நீட்டி இழுக்க வேண்டும். அந்த நோவை நான் வருணிக்க விரும்பவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே, ஹார்பர்வியூ வைத்தியசாலையோடு சேர்ந்து பணியாற்றிய ஹன்டர் ஹொஃப்மன், டேவிட் பாற்றர்சன் என்னும் இரு உளவியலாளர் ஒரு வழி கண்டார்கள். நோயாளியின் கண்களை மூடும் கருவியொன்றை அணிவித்து, அதற்குள்ளே பனி மூடிய ஒரு பள்ளத்தாக்கைக் காட்டினார்கள். அங்கே பனிமனிதர்களும் பென்குயின் பறவைகளும் உண்டு. அவற்றின்மீது பனிப்பந்து எறிவதுதான் ஆட்டம். ஆட்டத்தில் மூழ்கியிருக்கும்போது நோவு பெரிதும் குறைந்திருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். இதிலே மாயம் ஒன்றுமில்லை. மனத்துக்குக் கவனம் ஓர் அளவுதான் உண்டு. பனிப்பந்துக்குப் போனது போக மிஞ்சியதே நோவுக்குக் கிடைக்கும்.

பிறகு 2006ஆம் ஆண்டிலே, நின்டெண்டோ கம்பனி வீ என்ற விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. கையிலே பிடித்த சிறு கருவியை வீசினால், தொலைக்காட்சித் திரையிலே ரெனிஸ் மட்டை வீசும். இது விளையாட்டுக்கென்று வந்தது, ஆனால் மேலைநாட்டு இயன்மருத்துவர்கள் பலர் இதைப் பிடித்துக் கொண்டார்கள். புதுமை என்றால் வைத்தியர்களும் மனிதர்கள்தானே! எங்கும் அதே பேச்சாயிற்று.

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த வைத்தியர் குஸ்தாவோ சபொஸ்னிக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு நாடுகளில், 14 நிலையங்களில், பாரிசவாதத்தினாற் கை தளர்ந்த 141 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சை இரு பகுதியாருக்கும் உண்டு. அதற்கு மேலாக, ஒரு பகுதியார் இரண்டு கிழமைகளில் பத்து வேளை, வேளைக்கு ஒரு மணித்தியாலம், வீ பொறியில் விளையாடினார்கள். மற்றப் பகுதியார் அதே நேரத்துக்குச் சீட்டாடினார்கள், மரக்கட்டைகளை அடுக்கி உருவினார்கள், பந்து எறிந்து பிடித்தார்கள். முடிவு 2016இல் வெளியாயிற்று. இரு பகுதியாருக்கும் கை தேறியது. ஒரு பகுதியார் மற்றவர்களை விஞ்சவில்லை. விலையுயர்ந்த பொறி செய்த வேலையை ஒரு சீட்டுக்கட்டும் செய்தது!

இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சீட்டுக்கட்டு எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். (சூதுக்கு அஞ்சும் பெரியோர்கள் இங்கு இருக்கிறார்கள். சீட்டுக்குப் பதில் தாயக்கட்டை என்று வைத்துக்கொள்வோம். அதுவும் சந்தேகத்துக்கு இடமானதே என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கின்றது.) பொறி வேண்டாம் என்பது என் கருத்தன்று. தீப்புண் பட்ட பிள்ளைக்கு அந்தப் பனிப்பள்ளத்தாக்குக்கு ஈடு சீட்டுக்கட்டில் இல்லை. பொறியில்லையே என்று கைகட்டி இருக்கவேண்டியதில்லை என்பதே நான் சொல்ல வருவது.

பொறிக்கு வேறொரு குறையும் உண்டு. அது எண்ணும், ஆனால் பார்க்காது. தோளை உயர்த்த வேண்டிய நோயாளி, தோளை உயர்த்தாமல் உடம்பைச் சாய்த்துக் கையை வீசினாலும் பொறி புள்ளி கொடுத்துவிடும். மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தே ரெனிஸில் வெல்லலாம். உடம்பு இயல்பாகவே கள்ளம் பண்ணும், நோவுள்ள வழியை விட்டு நோவில்லாத வழியைத் தேடும். அதைக் கண்டுபிடித்து, "அண்ணை, தோளை ஏமாற்றுகிறீர்கள்" என்று சொல்ல ஒரு மனிதக் கண் வேண்டும். அளவு மிஞ்சுவதும் உண்டு. 2007இல் 29 வயதான இளம் வைத்தியர் ஒருவர் தோள் நோவோடு துயிலெழுந்த கதை ஒரு பெரிய வைத்தியச் சஞ்சிகையிலே வெளிவந்தது. முதல்நாள் பல மணித்தியாலம் அந்தப் பொறியில் ரெனிஸ் ஆடியிருந்தாராம்! நல்ல தோளுக்கே இக்கதியென்றால் புண்பட்ட தோளுக்கு? போலோ ஆட்டத்தைக் குட்மன் நிறுத்தியதன் காரணமும் இத்தகையதே. விளையாட்டின் வெறி நோவை மறக்கச் செய்யும், அதுவே அதன் குணம், அதுவே அதன் கேடு. எத்தனை ஆட்டம், எவ்வளவு நேரம் என்பதை ஆடுகிறவனிடம் விடலாகாது.

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். என் அம்மம்மா கிணற்றடியிலே வழுக்கி விழுந்து, கையை ஊன்றியபோது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இந்த வயதில் இப்படி விழுந்தோருக்கு மிகச் சாதாரணமாக வரும் முறிவு அது. கட்டு அவிழ்த்தபின் விரல்கள் மடங்கவில்லை. அதிலும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியவில்லை. விபூதி வாங்கக் கை நீட்டினால் அது பக்கவாட்டில்தான் நிற்கும். ஒரு றப்பர்ப் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருந்தார்கள். பந்து அலுமாரிக்குள்ளே பத்திரமாக இருந்தது.

மாமியின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து பல்லாங்குழிப் பலகையை எடுத்தார்கள். அம்மம்மா அந்தக் காலத்து வீராங்கனை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஆட்டத்தில் கை என்ன செய்கின்றதென்று எண்ணிப் பாருங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து குழியிலிருந்து புளியங்கொட்டைகளை நுள்ளி எடுக்க வேண்டும். அவை விழாமல் இருக்க உள்ளங்கையைத் திருப்பிக் கிண்ணம்போல் ஆக்க வேண்டும். பின்பு பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் குழிக்கு ஒன்றாக இடவேண்டும். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து வீதம் எழுபது கொட்டை. ஓர் ஆட்டம் முடிவதற்குள் எத்தனை நூறு அசைவு! எங்கள் பாடநூலில் மணிக்கட்டு முறிவுக்கு எழுதியிருக்கும் பயிற்சிகளில் முக்கியமானவை பலவும் அந்தப் பலகைக்குள் இருக்கின்றன. அம்மம்மா காலையில் ஒன்று, பின்னேரம் இரண்டு என்று ஆடத் தொடங்கினார். வலக்கையால் மட்டுமே ஆடவேண்டும் என்ற விதியை நான் சேர்த்தேன், இல்லாவிட்டால் நல்ல கை எல்லா வேலையையும் பறித்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் ஒரு சண்டை நடந்தது. சின்னவள், அம்மம்மாவுக்குக் கை நோகுமே என்று இரக்கப்பட்டு, வேண்டுமென்றே பிழையாக ஆடித் தோற்றாள். அம்மம்மாவுக்கு விளங்கிவிட்டது. பலகையைத் தள்ளிவிட்டு, "பாவம் பார்த்து என்னை வெல்ல விடுறியோ? உன்ரை கொம்மாவுக்கே விட்டுக் குடுக்காதவள் நான்" என்றார். அன்று பின்னேரம் ஆடவேயில்லை. மறுநாள் ஒழுங்காக ஆடி அவளை வென்ற பின்னர்தான் முகம் தெளிந்தது.

குத்துவிளக்குப்போல் எனக்கு ஒரு விஷயத்தைக் காட்டியது அந்தச் சண்டை. நோயாளி விளையாட்டிலே எதைப் பெறுகின்றான்? வைத்தியசாலையிலே அவன் எந்நேரமும் பிறர் செய்வதை ஏற்பவன். கழுவுகிறார்கள், புரட்டுகிறார்கள், ஊட்டுகிறார்கள், இரங்குகிறார்கள். ஆட்டத்தில் மட்டுமே அவன் எதிரே ஒருவன் இருந்து, அவனுடைய அடுத்த காயை அஞ்சிப் பார்த்துக் கொண்டிருக்கிறான். அந்த அச்சத்தை எடுத்துவிட்டு வெற்றியை மட்டும் கொடுத்தால், அதுவும் இன்னொரு கரண்டி கஞ்சியாகிவிடும்.

ஆனால் வெல்ல முடியாத ஆட்டமும் ஆகாது. நான் படித்த மிஷன் பாடசாலையிலே விளையாட்டு மைதானத்துக்கு வகுப்பறையோடொத்த மதிப்பு. அங்கே உதைபந்தாட்டத்தில் முழங்கால் பிசகிய என் தோழனொருவனுக்கு, ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகும்படி பயிற்சி சொல்லியிருந்தார்கள். அவன் செய்யவில்லை. அவன் பந்துகாப்பாளன். ஒற்றைக்காலில் நிற்க வைத்து, கால் ஊன்றுவதற்குள் எத்தனை பந்து பிடிக்கிறாய் பார்ப்போம் என்று எறியத் தொடங்கினோம். முதல் நாள் நாலு. உடனே, "மற்ற அணியின் காப்பாளன் நாற்பது பிடிப்பான்" என்று ஒருவன் கேலி செய்திருந்தால் எங்கள் தோழன் வீட்டுக்குப் போயிருப்பான். நல்லவேளையாக, ஒரு தடித்தாளிலே திகதியையும் எண்ணிக்கையையும் எழுதி வைத்தோம். நாலு, ஐந்து, ஐந்து, ஒன்பது. அவனுக்குப் போட்டி நேற்றைய அவனே. சில இடங்களிலே நோயாளர் பெயர்களையெல்லாம் ஒரே பலகையில் எழுதி, யார் முதலாவது, யார் கடைசி என்று தொங்கவிடும் வழக்கம் இருப்பதாகக் கேள்விப்படுகின்றேன். அது பரீட்சைப் பெறுபேற்றுப் பலகை. இரு கால் முறிந்தவனுக்கும் ஒரு விரல் முறிந்தவனுக்கும் ஒரே பலகையா? கடைசியில் நிற்பவன் மறுநாள் வரவேமாட்டான். அவனுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை.

பரிசுகளைப் பற்றியும் ஒரு சொல். வந்தவர்க்கெல்லாம் புள்ளி, நட்சத்திரம், சிறு பதக்கம் என்று கொடுத்துவிட்டால் அது விளையாட்டாகிவிட்டது என்று எண்ணுவோர் உளர். பிள்ளைகளுக்குச் சில நாள் அது வேலை செய்யலாம். வளர்ந்தவர் நட்சத்திரத்தை எண்ணத் தொடங்கினால் முழங்காலை மறந்துவிடுவார். அம்புக்கு இலக்கு எப்படியோ அப்படி, நோயுற்ற அசைவுக்குள்ளேயே ஆட்டம் இருக்கவேண்டும். கை திரும்பினாற்றான் கொட்டை விழாது என்றிருந்தால், அதற்கு மேலே நட்சத்திரம் எதற்கு?

பெரியோர்களிடம் ஒன்று கேட்க விரும்புகின்றேன், இளையவன் கேட்பதாகக் குறைநினைக்க வேண்டாம். நம் வீடுகளிலே நோயாளியை அன்பினால் முடக்கிவிடுகின்றோம். தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனால், "நீங்கள் இருங்கோ ஐயா, நான் எடுத்துத் தாறன்" என்கின்றோம். மருமகள் எழுந்து ஓடாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் அதிலே கலந்திருக்கின்றது. வைத்தியசாலையில் பெற்ற அசைவு இவ்வாறு வீட்டிலே இழக்கப்படுகின்றது. விளையாட்டு இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழி. "ஐயா, எழுந்து நடவுங்கோ" என்று மருமகள் சொல்ல முடியாது. "தாத்தா, உங்கடை முறை" என்று பேரன் சொல்லலாம்.

சங்கத்தின் செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இதுதான். நமது மண்டபத்தில் இரண்டு கரம் பலகைகள் இருக்கின்றன. ஒன்று கிழமையில் ஐந்து நாள் சுவரோடு சாய்ந்தே நிற்கின்றது. அதை வைத்தியசாலை விடுதிக்குச் சனிக்கிழமைகளில் கொண்டுபோக அநுமதி கேட்போம். விரல் முறிந்தவர் சுண்டி ஆடுவதே விரலை நீட்டும் பயிற்சி. நிற்கப் பழகுவோருக்காக அதே பலகையை உயர்ந்த மேசையில் வைத்தால், எட்டிக் காயடிக்கும்போது எடை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறும். யார் ஆடலாம், எந்தக் கையால், எத்தனை ஆட்டம் என்பதை அங்குள்ள இயன்மருத்துவர் முதலில் எழுதித் தரவேண்டும். அதற்கு மேல் ஒரு காயும் அடிக்கக்கூடாது. பலகைக்குப் போடும் மா நிலத்திலே சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும், ஊன்றுகோல் அதிலே வழுக்கும். போகின்றவர்கள் கரத்திலே கெட்டிக்காரராய் இருந்தால் நல்லது. விட்டுக்கொடுத்து ஆடுகிறவர்கள் தேவையில்லை.

பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கலாம்.